தொட்டிக்கு எதிராக ஸ்டெய்னார் தொடுத்த போர்

வாழ்க ஸ்டெய்னார்! இரண்டடுக்குக் கம்பளிக் காலுறை பூண்டவன். இரட்டைக் குழல் துப்பாக்கி தாங்கிய திண்தோளன். சதுப்பும் புதரும் பாறைச் சரிவும் ஒரே பகலில் கடக்கத் துணிந்த தாளாளன். இடது முழங்காலில் மட்டும் சற்றே வலியுடையவன். நார்வே நாட்டின் மலைமேட்டில், செப்டம்பர் பத்தாம் நாள், வேட்டைப் பருவம் திறக்கும் முதல் விடியலில், மரக்குடிலின் வாசற்படியில் நின்று, ஈரவிரலை உயர்த்தி, காற்று எத்திசையினின்று வருகிறதென ஆராய்ந்த அந்த ஏந்தலின் புகழை இவ்வுரை பாடப் புகுகிறது. காற்று மேற்கிலிருந்து வந்தது. விரலை உயர்த்தாமலேயே அது தெரிந்திருக்கும். அவன் தொப்பி அதற்குள் கிழக்கே போயிருந்தது.

வழிபாடின்றிப் போர் தொடங்குவது மரபன்று. ஆகவே, கரியேறிய காப்பிக் கெண்டியை வணங்குவோம். ஒழுகாத வலது காலணியை வணங்குவோம். ஒழுகும் இடது காலணியை, அதன் சினம் தணியும்பொருட்டு, இருமுறை வணங்குவோம். முதுகுப்பையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்த ரொட்டித் துண்டுகளை, அவற்றுக்கு நேரவிருக்கும் கதியை அறிந்து, முன்கூட்டியே ஒரு கணம் மௌனமாக நினைவுகூர்வோம்.

தலைவனின் வலப்புறம் நின்றது பிர்க் எனும் பெருநாய். கார்முகில் மேனி, காற்றில் கொடிபோல் அலையும் வால்மயிர், புருவத்துக்கு மேல் இரண்டு பொற்பொட்டு. மலைக்கௌதாரியின் மணம் மூக்கில் பட்ட கணமே கல்லாய்ச் சமைந்து, ஒரு முன்காலைத் தூக்கியபடி, தலைவன் வந்து சேரும்வரை இமையும் அசையாமல் நிற்பதே இவ்வகை நாய்களின் குலதருமம். பிர்க்கின் பாட்டன் அவ்வாறு நின்று வெள்ளிக் கோப்பைகள் வென்றது. பிர்க்கின் தாய் அவ்வாறு நின்று, பனி பொழிந்து முதுகு வெளுத்தும் அசையவில்லை என்பார்கள். பிர்க்குக்கு மூன்று வயது. அது இதுவரை எதற்காகவும் நின்றதில்லை.

பகைவன் யாரென்று கேட்பீர்கள். மலைக்கௌதாரி என்று நினைத்தால் பிழை. உடல் பழுப்பும் சிறகு வெண்மையுமான அந்தப் பறவை, கால்விரல் வரை மயிர் போர்த்து, ஆபத்து நெருங்கும்போது மனிதனைப்போல உரக்கச் சிரித்துவிட்டுப் பறப்பது. அதற்கு ஸ்டெய்னார்மீது பகை எதுவும் இல்லை. மெய்யான பகைவன் குடிலுக்குப் பின்னே, ஏரிக்கு இறங்கும் சரிவின் விளிம்பில், செஞ்சாயம் பூசிய சிறிய மரக்கோட்டைக்குள் இருந்தான். அந்நாட்டுக் கழிப்பறைகளுக்கே உரியபடி, அதன் கதவில் இதய வடிவில் ஓர் ஓட்டை. உள்ளே ஓர் இருக்கைப் பலகை. பலகையின் கீழே, நிலவொளியும் புகாத இருட்டில், இரண்டு கைப்பிடிகளுடன், கோடை முழுவதும் பொறுமையாகக் காத்திருந்தது தொட்டி.

ஜூன் மாதத் திருவிழாவுக்கு வந்த உறவினர் அதை வளர்த்தனர். ஜூலையில் பெர்கனிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள், மிகுதியாக உண்ணும் குடியினர், அதை மேலும் வளர்த்தனர். ஆகஸ்டில் அது தன் முழு வலிமையை எய்தியது. அக்குடும்பத்தின் சட்டம் எளிது, எழுதப்படாதது, மேல்முறையீடு அற்றது: முதல்நாள் வேட்டையில் இருட்டுவதற்குள் ஒரு பறவையேனும் கொண்டுவராதவர் எவரோ, அவரே அந்தத் தொட்டியைச் சதுப்புக்கு அப்பாலுள்ள குழிக்குச் சுமந்து செல்வார். கடந்த ஆண்டு ஸ்டெய்னார் சுமந்தான். அதற்கு முந்திய ஆண்டும். அதற்கும் முந்தியவற்றைப் பற்றிக் கேளாதீர். அவன் மனைவி மாரித் கேட்பதில்லை. அவள் ஆண்டுதோறும் அன்று காலையில் பழைய கையுறைகளை எடுத்து வாசலில் காயப்போட்டுவிடுவாள். பேச்சாக எதுவும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் அவனைக் கொன்றது.

இந்த ஆண்டு அந்தக் கையுறைகள் காய்ந்தபடியே இருக்கவேண்டும். ஒரு பறவை. ஒன்றே ஒன்று. எலும்பும் இறகுமாக ஒன்று.

வேட்டைக்குப் போகிறவர் இருவர். மற்றவள் குன்வோர், மாரித்தின் அக்காள். அறுபது கடந்தும் ஆட்டுக்கிடாய்போல் குன்றேறுபவள். கண்ணிமைக்குமுன் சுட்டு, சுட்டதை மறந்து, அடுத்ததைப் பார்ப்பவள். வேட்டைநாய்ப் போட்டிகளில் நடுவராக நின்று, ஆண்பிள்ளைகள் பலரைக் கண்கலங்க வீட்டுக்கு அனுப்பியவள். அவள் வாயினின்று பாராட்டு வருவது அரிது. 'மோசமில்லை' என்ற சொல்லை அவள் வாழ்வில் இருமுறை மட்டுமே உச்சரித்திருக்கிறாள் என்பது குடும்ப வழக்கு. ஒருமுறை டிங்கா என்ற தன் வெண்ணிற நாயைக் குறித்து. மற்றொரு முறை தன் திருமணத்தைக் குறித்து. அதுவும் விருந்தில் பரிமாறிய மீனைக் குறித்து மட்டும்.

புறப்படும்போது மாரித் கதவருகே வந்து நின்று, முறைப்படி இருவரையும் வழியனுப்பினாள்.

"மட்டமான வேட்டையா அமையட்டும்."

இருவரும் தலையசைத்தனர். அந்நாட்டில் வேட்டைக்குச் செல்பவரை வாழ்த்துவது பெரும்பிழை. நல்லது நடக்கட்டும் என்று எவரேனும் சொல்லிவிட்டால், அன்று நல்லது நடக்காது. கெட்டது நடக்கட்டும் என்பதே வாழ்த்து. பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் ஸ்டெய்னார் இதை நம்புவதில்லை. நம்பாதவனாகவே ஆண்டுதோறும் அதைக் காதாரக் கேட்டபின்தான் படியிறங்குவான்.

முதற்போர் ஓடைக்கரையில் நிகழ்ந்தது. இடுப்பளவு வளர்ந்த புதர்கள், இலையெல்லாம் மஞ்சளாகி, பனித்துளி சொட்டி நிற்க, அவற்றினூடே டிங்கா, வெண்பட்டு நூலொன்றை மஞ்சள் துணியில் தைப்பவள் கையிலிருக்கும் ஊசிபோல, இடமும் வலமும் ஊடுருவிப் பாய்ந்து வந்து, ஓரிடத்தில், நடுப்பாய்ச்சலில், யாரோ காலத்தையே கயிறு கட்டி இழுத்ததைப்போல நின்றது. வால் நேர்கோடு. மூக்கு நேர்கோடு. ஒரு முன்கால் அந்தரத்தில்.

இங்கே ஒரு தருமத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இக்கதை அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு நாய் பறவைமுன் நின்றுவிட்டால், அதைக் கண்ட மற்ற நாய், தனக்கு எந்த மணமும் எட்டாவிட்டாலும், இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அது முன்நிற்பவருக்குப் பின்நிற்பவர் செய்யும் மரியாதை. அவையில் ஒருவர் பாடும்போது மற்றவர் இருமாமல் இருப்பதைப்போல. நாய்க்குலத்தில் இதைவிட உயர்ந்த நாகரிகம் கிடையாது.

பிர்க் டிங்காவைக் கண்டது. அதன் நெஞ்சு மரியாதையால் நிறையவில்லை, மகிழ்ச்சியால் நிறைந்தது. மதங்கொண்ட களிறு வாழைத்தோட்டம் புகுந்ததென, கரைபுரண்ட காட்டாறு களத்துமேட்டில் ஏறியதென, நாக்கு ஒரு பக்கமும் காதிரண்டும் இரு பக்கமுமாகப் பறக்க, டிங்காவின் மேலாகவே தாவி, புதரின் நடுவில் போய் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து ஏழெட்டு மலைக்கௌதாரிகள் வெடித்தெழுந்தன. ஸ்டெய்னார் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தபோது அவை அடுத்த மலையில் இருந்தன. குன்வோர் ஒரே ஒருமுறை சுட்டாள். ஒன்று விழுந்தது. அவளுடைய கடன் அத்தோடு முடிந்தது. அவள் கைகள் அந்தத் தொட்டியிலிருந்து தப்பின.

அவள் பறவையை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பிர்க்கைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது நாயா, சோபா உறையா?"

"சின்ன வயசு, குன்வோர்."

"மூணு வயசு. டிங்கா மூணு வயசுல எனக்கே பாடம் நடத்திச்சு."

ஸ்டெய்னார் காற்றைப் பற்றி ஏதோ சொன்னான். திசைமாறி வீசியதால் பிர்க்குக்கு மணம் கிடைக்கவில்லை என்றும், அழுத்த வேறுபாடு என்றும், பள்ளத்தாக்குகளில் இது வழக்கம் என்றும் விளக்கினான். குன்வோர் கேட்டு முடித்தாள். இனித் தனித்தனியாகப் போகலாம் என்று அறிவித்தாள். பின்னர், குழியில் வீழ்ந்த பகைவன்மேல் கடைசிப் படைக்கலத்தை எடுக்கும் வீரனைப்போல, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கைநீட்டித் தடுக்க நேரமில்லை.

"நல்ல வேட்டையா அமையட்டும், ஸ்டெய்னார்," என்றாள், தேனொழுக. "நிறைய கிடைக்கட்டும்."

நாகாத்திரம் அறிவோம், அதற்கு எதிர்க்கணை உண்டு. இதற்கு எதிர் இல்லை. மேகமொன்று கதிரவனை மறைத்தது. ஓடை ஒரு கணம் ஓசையடங்கியதுபோல் தோன்றிற்று. இயற்பியல் கற்ற அவ்வேந்தல், இதையெல்லாம் நம்பாதவன், உடனே, கெடுதியைக் கழிக்கும் அந்நாட்டு வழக்கப்படி, தொட்டுத் தட்டுவதற்கு மரம் தேடினான். மரமில்லை, மரங்கள் வளரும் எல்லையைக் கடந்து மேலே வந்திருந்தனர். துப்பாக்கியின் கைப்பிடி வாதுமை மரம் என்பது நினைவுக்கு வர, அதை மும்முறை தட்டினான். போதாதென்று இடத்தோளுக்கு மேலாக மும்முறை துப்பினான். காற்று மேற்கிலிருந்து வந்தது என்பதை முன்னரே சொன்னோம். அவன் இடத்தோள் மேற்குப் பக்கம் இருந்தது. மூன்றும் முகத்துக்கே திரும்பின.

குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை என்று நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர், இந்த மலைமேட்டில் ஒரு பகல் நடந்திருந்தால், ஆறாவதாக ஒன்றை வகுத்து, அதற்குரிய ஒழுக்கம் 'வழுக்கி விழுதலும் விழுதல் நிமித்தமும்' என்று இலக்கணம் எழுதியிருப்பர். முதலில் சதுப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் செம்பட்டு விரித்த அரண்மனைக் கூடம். காலை வைத்தால் முழங்கால்வரை குளிர்ந்த கூழ். ஸ்டெய்னார் அதன் கரையில் நின்று பிர்க்கை ஏவினான். பிர்க் அடிவானத்தில் கரும்புள்ளியாகி மறைந்தது.

அவன் மார்பில் ஒரு கருவி தொங்கிற்று. நாயின் கழுத்துப்பட்டையோடு விண்வழி உரையாடும் அது, நாய் ஓடினால் ஓடும் நாயின் படத்தையும், நின்றால் நிற்கும் நாயின் படத்தையும் காட்டி மணியடிக்கும். அன்று அது மணியடித்தது. பிர்க் நிற்கிறது. மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக, சதுப்பின் மறுகரையில், அசைவின்றி நிற்கிறது.

ஆ, அந்த ஓட்டத்தை எங்ஙனம் உரைப்பேன்! மெல்ல அணுகவேண்டும் என்று அறிவு சொல்ல, விரைந்து அணுகவேண்டும் என்று நெஞ்சு சொல்ல, இடையில் சதுப்பு தனக்கென்று ஒரு கருத்தைக் கொண்டிருக்க, ஒவ்வோரடிக்கும் நிலம் வாய்திறந்து காலை விழுங்கிச் சற்றே சுவைத்து மனமின்றித் திருப்பித்தர, துப்பாக்கியை இருகையாலும் தலைக்குமேல் ஏந்தி, தொப்பியை மீண்டும் இழந்து, பாதிவழியில் இடது காலணியையும் நிலத்துக்கே காணிக்கையாக்கி, ஒற்றைக் காலணியோடும் ஓயாத மூச்சோடும் அவன் கரையேறினான். பிர்க் நின்றுகொண்டுதான் இருந்தது. காட்டு ப்ளூபெர்ரிச் செடிகளுக்கு நடுவில், உதடெல்லாம் நீலமாக, ஒவ்வொரு பழமாகப் பறித்துத் தின்றபடி நின்றுகொண்டிருந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. நாய் நிற்கிறது என்பதைத்தான் அது அளக்கும். எதற்காக நிற்கிறது என்பதை அளக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஸ்டெய்னார் காலணியை மீட்கத் திரும்பிச் சென்றான். அதற்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. கவிழ்த்தான். ஒரு தவளை வந்தது.

நண்பகலில் வெண்கற்பாசி போர்த்த மேட்டில் அவன் பாசறை அமைத்தான். சுள்ளி பொறுக்கித் தீமூட்டி, கெண்டியில் ஓடைநீர் வைத்து, காலுறைகளை வெற்றிக்கொடிகள்போல ஒரு கல்மேல் விரித்து, துப்பாக்கியைச் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் சாய்த்து, மடித்த ரொட்டியின் தாளைப் பிரித்தான். அப்போது, பத்தடி தொலைவில், கற்பாசியே கால்முளைத்து நடந்ததுபோல, ஒரு மலைக்கௌதாரிக் குடும்பம் புதரிலிருந்து வெளியே வந்தது. முன்னால் தகப்பன் சேவல். பின்னால் தாய். அவர்களுக்குப் பின்னால், நன்கு வளர்ந்த பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு வந்தவர்களைப்போல, அவசரமின்றி.

சேவல் நின்றது. ஸ்டெய்னாரைப் பார்த்தது. அவன் வெறுங்காலைப் பார்த்தது. பிறகு, காடதிர, கல்லதிர, நடுவயதினனின் நெஞ்சதிரச் சிரித்தது.

நிலத்தில் நிற்கும் பறவையைச் சுடுவது இழிவினும் இழிவு. அது பறக்கவேண்டும், நாய் நின்று காட்டி, நாயே எழுப்பி, பறக்கும்போது சுடுவதே அறம். அவன் அறம் பிறழாதவன். ஆகவே அவன் செய்யவேண்டியது, துப்பாக்கியை எட்டுவதும், பிர்க்கை எழுப்புவதும். துப்பாக்கியை நோக்கி, தரையோடு தரையாக, விரல் விரலாக ஊர்ந்தான். ஊர்ந்தவாறே பிர்க்கைத் தேடினான். கண்டான். உடல் சிலிர்த்தது.

பிர்க் நின்றது. வால் நேர்கோடு. மூக்கு நேர்கோடு. வலது முன்கால் அந்தரத்தில். புருவப் பொட்டிரண்டும் பொன்னாய்ச் சுடர, பாட்டன் கோப்பை வென்ற அதே நிலை, தாய் பனியில் நின்ற அதே நிலை; ஆயிரம் தலைமுறை ரத்தம் விழித்தெழுந்து அந்த உடலை வார்ப்புச் சிலையாக்கியிருந்தது. அந்த மூக்கு காட்டிய திசையில் ஸ்டெய்னார் கண்ணோட்டினான்.

பழுப்புப் பாலாடைக்கட்டி.

தாளின்மேல் இருந்தது. பிர்க் அதன்மீது பாய்ந்த ஓசையில் கௌதாரிக் குடும்பம் எழுந்து பறந்தது. சேவல் பறந்தவாறே சிரித்தது. அந்தச் சிரிப்பு எதிர்மலையில் பட்டு, இன்னொரு முறையும் வந்து சேர்ந்தது.

பிற்பகலைச் சுருக்கியே சொல்வோம். பாறைச் சரிவில் மழை பிடித்தது. எட்டாத உயரத்தில் ஒரு கூட்டம் எழ, அவன் இருமுறை சுட்டான், தோட்டாவிரண்டும் வானத்தைத் துளைத்தன, வானம் பொருட்படுத்தவில்லை. முழங்கால் வலி இடத்திலிருந்து வலத்துக்கும் பரவியது. குன்வோரின் வாழ்த்து அவன் காதில் தேனாக ஒழுகிக்கொண்டே இருந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவன் தனக்கே பலமுறை நிறுவிக் காட்டினான். நிறுவல் ஒவ்வொன்றும் பிழையற்றது. ஒன்றும் உதவவில்லை.

மேற்கே வெளிச்சம் செம்புத் தகடாகிச் சாய்ந்த வேளையில், வேந்தன் படையிழந்து கோட்டைக்குத் திரும்பும் நடையில், அவன் குடிலை நெருங்கினான். வழியில் வெள்ளைச் சாயம் பூசிய ஒரு கல் உண்டு. அந்தக் கல்லைத் தாண்டி எவரும் குண்டு நிறைத்த துப்பாக்கியுடன் போவதில்லை. போனவர் அடுத்த ஆண்டு அழைக்கப்படுவதில்லை. ஸ்டெய்னார் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இரண்டையும் உருவிப் பைக்குள் போட்டு, திறந்தபடியே முழங்கையில் மாட்டிக்கொண்டான். களம் முடிந்தது.

குடிலின் புகைபோக்கியில் புகை. ஜூனிப்பர் காய் இட்ட பாலேட்டுக் குழம்பின் மணம். வாசலில் டிங்கா படுத்திருந்தது. குன்வோர் உள்ளே, அடுப்பருகே, காலை நீட்டி அமர்ந்து, மாரித்திடம் ஓடைக்கரைக் கதையைத் தன் பாணியில், அதாவது மூன்றே வாக்கியத்தில், சொல்லிக்கொண்டிருப்பாள் என்று அவன் எண்ணினான். அந்த இருவர் முன்னால் போய் வெறுங்கையோடு நிற்பதைவிட, யாரும் பாராத இவ்வேளையிலேயே தொட்டியை எடுத்துக் காரியத்தை முடித்துவிட்டு, பிறகு கைகழுவிக்கொண்டு, தானே விரும்பிச் செய்ததுபோல் உள்ளே போவது மேல். வாசற்கொடியில் காய்ந்துகொண்டிருந்த கையுறைகளை ஓசையின்றி எடுத்துக்கொண்டான். குடிலைச் சுற்றிப் பின்புறச் சரிவில் இறங்கினான். பிர்க் முன்னே ஓடி, செஞ்சாயக் கோட்டையின் மூலையைச் சுற்றி மறைந்தது.

மார்பில் கருவி மணியடித்தது. நாய் நிற்கிறது.

ப்ளூபெர்ரி, என்று நினைத்தான். மறுமுறை அடித்தது. பாலாடைக்கட்டி, என்று நினைத்தான். ஆனால் கோட்டையின் பக்கச்சுவரை ஒட்டி இறங்கி, மூலையிலிருந்து எட்டிப்பார்த்தவன் அப்படியே உறைந்தான்.

கோட்டையின் முன்புறம், ஏரியை நோக்கிய கதவுக்கு ஆறேழடி தள்ளி, ஒரு குட்டைப் புதர். புதருக்கு முன்னே பிர்க். காலைமுதல் ஓடிய களைப்பில் விலா ஏறித் தாழவேண்டிய நாய், மூச்சையும் அடக்கி, வாலின் ஒவ்வொரு மயிரும் வரைந்தது போலிருக்க, வலது முன்காலை உயர்த்தி, மூக்கைப் புதரின் அடிக்கு நீட்டி, மாலையொளியில் செம்பில் வார்த்ததென நின்றது. அங்கே ப்ளூபெர்ரி இல்லை. பாலாடைக்கட்டி இல்லை. புதரின் அடியில், இலையோடு இலையாக, ஒரு கருங்கண் மின்னிற்று.

உலகங்களே, கேளீர்! திசைகாக்கும் யானைகளே, ஒரு கணம் செவியசைப்பதை நிறுத்துவீர்! கையுறைகளை நழுவவிட்டு, துப்பாக்கியை மடக்கி மூடி, தோளில் பொருத்தி, முழங்கால் இரண்டும் வலி மறந்து, நான்காண்டுச் சுமையும் நான்காண்டு மௌனமும் ஒரு விரல்நுனியில் வந்து திரள, அவன், தன் குரலென்று தானே அறியாத ஒரு குரலில், முன்னே போ என்று நாயை ஏவ, பிர்க் ஒரே பாய்ச்சலில் புதரைக் கிழிக்க, வெண்சிறகு விரித்து, இலை தெறிக்க, இடிபோல எழுந்த அந்தப் பறவை, இடமோ வலமோ விலகாமல், ஏரியை நோக்கி, திறந்த வானில், எவர்க்கும் ஆபத்தில்லாத நேர்வழியில், ஒரு குழந்தையும் தவறவிடாத தொலைவில் பறக்க, ஸ்டெய்னார் விசையை அழுத்தினான்.

டிக், என்றது துப்பாக்கி.

இரண்டாம் விசையை அழுத்தினான். அதுவும் டிக் என்றது.

தோட்டாவிரண்டும் அவன் பைக்குள், வெள்ளைக் கல்லருகே வைத்த இடத்தில், பாதுகாப்பாக இருந்தன. பறவை ஏரிமீது சிறிதாகி, கடைசியாக ஒருமுறை சிரித்து, மறுகரை இருட்டில் மறைந்தது. பிர்க் அதைத் துரத்தவில்லை. பறவை எழுந்ததும் துரத்தாமல் அங்கேயே அமர்வதுதான் இந்தக் கலையின் உச்சம். பாட்டன்கூட நான்கு வயதில்தான் அதைக் கற்றது. பிர்க் புதரின் நடுவில் அமர்ந்து, பறவை போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பித் தலைவனைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவன் தாங்கவில்லை.

அப்போது, செஞ்சாயக் கோட்டையின் உள்ளிருந்து, திறந்த கதவின் வழியாக, ஒரு குரல் எழுந்தது.

"மோசமில்லை."

ஸ்டெய்னார் சுவரைப் பார்த்தான்.

"குன்வோரா?"

"வேற யாரு."

"எவ்ளோ நேரமா உள்ள இருக்க?"

"அது வந்து நின்னதுக்கு முன்னாடியிருந்தே. கதவு தெறந்துதான் இருந்துச்சு. எனக்கு நேரா நின்னுச்சு. நான் அசையல. மூக்கு அரிச்சுது. சொறியல."

அந்தச் சொற்களின் பொருள் அவனுக்குள் இறங்கச் சிறிது நேரமாயிற்று. ஒரு நாய் நின்றால், கண்ட மற்றவர் இருந்த இடத்தில், இருந்தபடி, அசைவின்றி நிற்கவேண்டும். போட்டிகளில் நடுவராக நின்றவள், ஆண்பிள்ளைகளை அழவைத்தவள், காலையில் சோபா உறை என்றவள், அந்தப் பலகையின்மேல், அமர்ந்த நிலையில், மூக்கரிப்பையும் அடக்கிக்கொண்டு, பிர்க்குக்குரிய மரியாதையை முழுமையாகச் செலுத்தியிருந்தாள்.

"தோட்டா இல்ல," என்றான் அவன்.

"சத்தம் கேட்டுச்சு."

"வெள்ளக் கல்லுகிட்ட எடுத்துட்டேன்."

"எடுக்கத்தான வேணும்." உள்ளே பலகை ஒருமுறை கிறீச்சிட்டது. தொண்டையைச் செருமும் ஓசை கேட்டது. பிறகு, தேனில்லாத, உண்மையான, கரடுமுரடான குரலில், அவள் சொன்னாள்: "நாளைக்கு மட்டமான வேட்டையா அமையட்டும், ஸ்டெய்னார். உனக்கும் நாய்க்கும்."

வானம் இடிந்து பூமாரி பொழியவில்லை, பொழிந்ததைவிட அதிகம். வாகை சூடினார் பலர், சூடாது வென்றவன் இவன் ஒருவனே என்று ஏரி அலைகள் கரையில் ஓத, காலையில் ஏவப்பட்ட கொடும் படைக்கலம் ஏவியவளாலேயே திரும்பப் பெறப்பட, முப்பதாண்டுத் திருமண உறவில் தனக்கு எட்டாத ஒரு சொல், ஒரு மீனுக்கும் ஒரு வெண்ணாய்க்கும் மட்டுமே வாய்த்த அந்தச் சொல், மூன்றாவதாகத் தன் நாயின் தலைமேல் இறங்கியதைக் கண்டு, கண்ணோரம் ஈரமாகி, அதை மழையென்று தனக்குத்தானே விளக்கி, பிர்க்கின் நனைந்த கழுத்தை இரு கையாலும் தழுவி, தோல்வியின் சிகரத்தில் வெற்றிக்கொடி நாட்டிய அவ்வேந்தல், கீழே கிடந்த கையுறைகளைக் குனிந்து எடுத்தபோது, அவை மணிமுடியினும் கனத்தன, மணிமுடியினும் ஒளிர்ந்தன.

"தொட்டிய எடுக்கத்தான வந்த?" என்றது உள்ளிருந்த குரல்.

"ஆமா."

"இரு. இன்னும் முடியல."

ஸ்டெய்னார் வெளியே காத்திருந்தான்.